தஞ்சையும் ராமநாதபுரமும்: நாம் சேர்க்கும் வெள்ளியை எதில் போடுவது?

ஈசூன் பரமக்குடி:
ஊர்ச் சங்கங்கள் இங்கே சிங்கப்பூரில் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சேர்த்து ராமநாதபுரத்து விவசாயத்துக்கு அனுப்பப் பார்க்கின்றன. என் கட்சி, கண்மாய்தான் முதலில். தஞ்சைக்கு 1934-லேயே மேட்டூர் அணை வந்துவிட்டது. ஜூன் 12-ல் திறந்தால் குறுவை, பிறகு சம்பா என்று நாள் குறித்து நாற்று விடலாம். நம்ம பக்கம் வானம் பார்த்த பூமி, வடகிழக்கு மழையை நம்பிப் புழுதியில் விதைக்கிறோம்.

ஜூரோங் மன்னை:
தண்ணீர் மட்டுமே காரணமில்லை அண்ணே. 1960-ல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் நாட்டிலேயே முதலில் எடுத்த மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. விதை, உரம், கடன் ஒருசேரப் போனது. பின்னால் அரசு நெல் கொள்முதல் நிலையம் வந்தது. விலை உறுதி என்றால்தான் உரத்துக்குக் காசு இறக்கத் துணிவு வரும். நெல் காயப்போடும் களம் இல்லாத ஊரில் நெல்லை ரோட்டில் கொட்டுகிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள், வியாபாரி சொன்னதுதான் விலை. களம் கட்டுங்கள்.

ஈசூன் பரமக்குடி:
விளைந்தால்தானே தம்பி களம்? ஜனவரியில் கதிர் பால்பிடிக்கும்போது ஒரு தண்ணீர் தவறினாலும் பயிர் சாவிதான், உள்ளே மணி இல்லாத பதர். ஆழ்துளைக் கிணறு போட்டால் பல இடத்தில் உப்புத் தண்ணீர்.

உட்லண்ட்ஸ் செல்வி:
கண்மாய்க்கே கொடுங்கள், ஆனால் வெறும் தூர்வாரலுக்கு வேண்டாம். வயலுக்குத் தண்ணீர் விடும் மடை வாசல் மட்டத்துக்குக் கீழே பள்ளம் பறித்தால் அதில் நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்கு ஏறாது. கரையை ஒட்டி மண் எடுத்தால் கரை சரியும். முதலில் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால். அங்கே சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாது, தூரோடு பிடுங்கணும், இல்லாவிட்டால் மறுபடி தழைக்கும். அடுத்தது மடையை அடைக்கும் பலகை. இரவெல்லாம் கசிகிற மடை இருந்தால் கண்மாய் நிறைந்தும் பயனில்லை. புழுதி விதைப்புக்கு விதையைக் கடினப்படுத்துங்கள்: லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 16 மணி நேரம் ஊறல், பிறகு நிழலில் உலர்த்தல். முளைத்தபின் மழை இடைவெளி விட்டாலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

ஜூரோங் மன்னை:
வரத்துக்கால், மடை இரண்டையும் ஏற்கிறேன் அக்கா. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கை உயர்த்தக் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள், மேலே உள்ள பட்டா நிலம் முழுகும், ஊருக்குள் சண்டை வரும். களத்தை நான் விடமாட்டேன். தார் ரோட்டுச் சூட்டில் நெல் வேகமாகக் காய்ந்து உள்ளே வெடிக்கிறது, மில்லில் நொய் (உடைந்த அரிசி) கூடுகிறது. களத்தில் ஓர் அங்குலத்துக்கு மிகாமல் பரப்பி, அரை மணிக்கொரு தரம் கிளறினால் அரிசி முழுசாக வரும்.

ஈசூன் பரமக்குடி:
அப்படியென்றால் இந்த வருஷம் வரத்துக்காலும் மடையும். மழைக்கு முன்னால், ஆகஸ்டுக்குள் முடிக்கணும். களத்தை அறுவடைக்குள் பார்ப்போம், அதற்குத் தனியாக வசூல் வையுங்கள்.