செசாரே போர்ஜியாவை மாக்கியவெல்லி புகழ்ந்தது சரியா?

திண்ணைவாசி:
ஆட்சி நடத்துவது பற்றிய 'இளவரசன்' புத்தகத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இத்தாலிய எழுத்தாளர் மாக்கியவெல்லி, போப்பின் மகனான போர்ஜியாவைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார். அதில் தப்பே இல்லை என்பது என் கட்சி. போர்ஜியா பிடித்த இத்தாலியப் பகுதியான ரொமாஞா முழுக்க வழிப்பறியும் குட்டி பிரபுக்களின் அட்டகாசமும்தான். ரெமிரோ என்ற முரடனிடம் முழு அதிகாரத்தையும் கொடுத்து அடக்கினான். ஊர் அடங்கியதும் நீதிமன்றம் வைத்தான், அப்புறம் ஜனங்களின் வெறுப்பு தன் மேல் விழாமல் இருக்க, 1502 டிசம்பரில் ஒருநாள் காலை அதே ரெமிரோ அங்குள்ள செசேனா ஊர்ச் சதுக்கத்தில் இரண்டு துண்டாகக் கிடந்தான், பக்கத்தில் ஒரு மரக்கட்டை, ரத்தக் கத்தி. ஜனங்கள் வாயடைத்துப் போனார்கள், திருப்தியும் பட்டார்கள்.

வாய்க்கால்மேடு:
ஏவி விட்டவனே அடியாளைப் பலி கொடுத்தால் அது ராஜதந்திரமா சார்? சரி, எத்தனை நாள் நின்றது? 1503 ஆகஸ்டில் அப்பா போப் ஆறாம் அலெக்சாண்டர் செத்தார், மகனும் அதே சமயம் படுத்த படுக்கை. நவம்பரில் குடும்பத்தின் பழைய விரோதி இரண்டாம் ஜூலியஸ் போப் ஆனார், அதற்கு ஆதரவு கொடுத்ததே போர்ஜியாதான்! ராஜ்ஜியம் கோவிந்தா.

திண்ணைவாசி:
அந்தத் தப்பை மாக்கியவெல்லியே சொல்கிறாரே. ரொமாஞா ஒரு மாதத்துக்கு மேல் அவனுக்காகக் காத்திருந்தது என்றும் எழுதியிருக்கிறார். ரெமிரோ செத்த அந்தக் குளிர்காலத்தில் தன் ஊரான ஃபிளாரன்ஸ் குடியரசின் தூதராக அவன் கூடவே இருந்தவர், கேள்விப்பட்டு எழுதவில்லை.

பழையபேப்பர்:
இரண்டு பேரும் பதினேழாம் அத்தியாயத்தைத் தொடவே இல்லை. பயம் இருக்கலாம், வெறுப்பு கூடாது. குடிமக்களின் சொத்தில் கை வைக்காதே, அப்பன் செத்ததை மறப்பார்கள், பரம்பரைச் சொத்து போனதை மறக்க மாட்டார்கள் என்கிறார். 1513இல் ஃபிளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தார் சிறையில் போட்டு, கையைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தொங்கவிட்ட மனிதர், அதே வருஷம் எழுத ஆரம்பித்த புத்தகம் இது, கடைசியில் அதை ஒரு மெடிச்சிக்கே சமர்ப்பணமும் செய்தார். பாதிக்கு மேல் வேலை கேட்கும் விண்ணப்பம்தான்.

வாய்க்கால்மேடு:
அவர் நேரடியாகச் செய்த வேலையையும் பாருங்கள். கூலிப்படை வேண்டாம் என்று 1506இல் ஃபிளாரன்ஸுக்காகக் கிராமத்து ஆட்களை வைத்துப் படை திரட்டினார். 1512இல் ஃபிளாரன்ஸுக்குப் பக்கத்து ஊரான பிராட்டோவில் ஸ்பானியப் படையைக் கண்டதும் அந்தப் படை ஓட்டம். ஊர் சூறையாடப்பட்டது, அவர் வேலையும் போயிற்று.

திண்ணைவாசி:
ஸ்பானியர்கள் பழுத்த போர்வீரர்கள், அவர்களோடு உழவர்களை ஒப்பிடலாமா? 1509இல், ஃபிளாரன்ஸின் கைவிட்டுப் போயிருந்த பீசா நகரத்தை மீட்டதில் இதே படைக்கும் பங்கு உண்டு, அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள்.

வாய்க்கால்மேடு:
நல்லவேளை பீசாவை எடுத்தீர்கள். பட்டினி போட்டுத்தான் பிடித்தார்கள், ஆனால் சரணடைந்த பிறகு பறித்த சொத்துகளைத் திருப்பிக் கொடுத்தது ஃபிளாரன்ஸ். யாரையும் சதுக்கத்தில் வெட்டிப் போடவில்லை. சுதந்திரமாக வாழ்ந்து பழகிய நகரத்தை அழித்துவிடுவதே பத்திரம் என்று ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதியவர், பீசாவில் கண்ணெதிரே நடந்ததை என்ன கணக்கில் வைத்தார்?