சுய மதிப்பீட்டுப் படிவத்தில் பழைய அனுபவத்தை மறைக்கலாமா? லீக் டென்னிஸ் அணித்தலைவர் ஒருவரின் கேள்வி

கேள்வி:

டெக்சாஸில், அமெரிக்க டென்னிஸ் சங்கமான யுஎஸ்டிஏ நடத்தும் லீகில், 3.5 நிலையில் (எண் கூடக் கூட ஆட்டத்திறனும் கூடும்) ஆடும் ஆண்கள் அணி ஒன்றுக்கு நான் தலைவராக இருக்கிறேன். அண்மையில் எங்கள் ஊருக்குக் குடிவந்த 36 வயது நண்பர் ஒருவர் அணியில் சேர விரும்புகிறார். கல்லூரிக் காலத்தில் இந்தியாவில் தம் பல்கலைக்கழக அணிக்காகத் தென்மண்டலப் போட்டிகளில் ஆடியவர். அதன் பிறகு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் மட்டையைத் தொடவில்லை. இரண்டு வாரங்களாக எங்களுடன் பயிற்சி செய்கிறார்; சர்வீஸ் இன்னும் கைகூடவில்லை என்றாலும், அவருடைய பேக்ஹேண்டை எங்களில் எவராலும் திருப்பி அடிக்க முடியவில்லை.

புதிதாகச் சேர்பவர் தம் நிலையைத் தாமே குறிக்க நிரப்பும் சுய மதிப்பீட்டுப் படிவத்தில் பழைய போட்டி அனுபவத்தைக் கேட்கிறார்கள். உண்மையை எழுதினால் 3.5 கிடைக்காது, அதைவிட உயர்ந்த நிலைதான் வரும். "இந்தியாவில் ஆடியதை இங்கே யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள்?" என்று என் அணியினர் சிலர் சொல்கிறார்கள். சென்ற ஆண்டு எங்களைத் தோற்கடித்த அணியில் இப்படிப்பட்ட ஒருவர் இருந்தார் என்பது அவர்களுடைய நியாயம். அந்தத் தோல்வி எனக்கும் ஆறவில்லை. நண்பரோ முடிவை என்னிடமே விட்டுவிட்டார். நான் என்ன சொல்லலாம்? மேலும், இத்தகைய ஏமாற்றை, மதிப்பீட்டைக் கணக்கிடும் கணினி உண்மையிலேயே கண்டுபிடிக்குமா?

முதல் மறுமொழி:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். 1978-இல் தொடங்கிய, யுஎஸ்டிஏ லீகில் ஆட்டக்காரரின் நிலையைக் குறிக்கும் என்டிஆர்பி மதிப்பீடு நம் கண்ணுக்கு 3.0, 3.5, 4.0 என்று அரைப்புள்ளி இடைவெளியில் தெரிந்தாலும், உள்ளே அது இரண்டு தசம இடங்கள் வரை கணக்கிடப்படுகிறது. 3.01 முதல் 3.50 வரை இருப்பவர் 3.5 ஆட்டக்காரர். எதிராளியின் மதிப்பீட்டை வைத்துப் பார்த்தால் ஒருவர் எத்தனை கேம்கள் எடுத்திருக்க வேண்டும், உண்மையில் எத்தனை எடுத்தார் என்பதுதான் கணக்கின் அடிப்படை. வெற்றி தோல்வியை விட ஸ்கோருக்கே அதில் எடை அதிகம். ஆகவே தம்மை விட வலியவரிடம் 4-6, 4-6 என்று தோற்றவரின் மதிப்பீடு கூடவும் கூடும்; எளியவரை 7-5, 7-5 என்று வென்றவரின் மதிப்பீடு குறையவும் கூடும்.

சுய மதிப்பீட்டில் வந்தவர், அந்த நிலைக்கு வகுத்த வரம்பை மூன்று முறை தாண்டினால் பருவத்தின் நடுவிலேயே தகுதி இழப்பார். அவர் வென்ற ஆட்டங்கள் அணிக்குத் தோல்வியாக மாற்றப்படவும் கூடும். ஆனால் இந்த மூன்று முறை விதி, கணினி மதிப்பீடு ஏற்கெனவே பெற்றவர்களைத் தொடுவதில்லை. அவர்கள் ஆண்டிறுதியில்தான் மேல்நிலைக்கு மாற்றப்படுவார்கள். வேண்டுமென்றே சில கேம்களைக் கைவிட்டு வரம்புக்குள் நிற்பவரையும் அது பிடிப்பது கடினம், ஏனெனில் கணினிக்கு 6-4 என்ற ஸ்கோர் தெரியுமே தவிர, அந்த நான்கு கேம்கள் எப்படிப் போயின என்பது தெரியாது.

நண்பர் உண்மையையே எழுதட்டும். வருகிற நிலை மிக உயர்ந்தது என்று தோன்றினால், நீண்ட இடைவெளியைச் சொல்லி முறையீடு செய்ய வழி இருக்கிறது. தெரிந்தே மறைத்ததாகப் புகார் எழுந்து அது நிரூபணமானால், நடவடிக்கை அணித்தலைவரான உங்கள் மீதும் பாயும்.

இரண்டாம் மறுமொழி:

நான் நியூ ஜெர்சியில் மகளிர் 3.0 அணியில் ஆடுகிறேன். 41 வயதில்தான் முதன்முதலாக மட்டையைப் பிடித்தேன். என் முதல் பருவத்தில், சுய மதிப்பீட்டில் வந்த ஒரு பெண்மணியிடம் 6-0, 6-0 என்று அரைமணி நேரத்தில் தோற்றேன். தோல்வி எனக்குப் புதிதல்ல, தோற்றுத்தான் ஆட்டத்தைக் கற்றேன். ஆனால் அன்று கற்றுக்கொள்ளக்கூட ஒரு பந்து நீடிக்கவில்லை.

அதை விடவும் வருத்தமளித்தது அடுத்த ஆண்டு நடந்தது. வேறொருவர் முதல் செட்டை 6-1 என்று எளிதாக எடுத்துவிட்டு, இரண்டாம் செட்டில் தொடர்ந்து மூன்று கேம்களில் பந்துகளை வலையிலேயே அடித்தார். முதலில் நான் நன்றாக ஆடுவதாக நினைத்து மகிழ்ந்தேன். அவருடைய அணித்தலைவி ஓரத்திலிருந்து விரல்களில் எண்ணிக் காட்டியதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தப் பருவத்தின் முடிவில் எங்கள் அணியிலிருந்து இருவர் விலகினார்கள். குழந்தைகளை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு ஞாயிறு காலையில் மைதானத்துக்கு வருகிறவர்களுக்கு, சமமான ஓர் ஆட்டம் கிடைப்பதே பெரிய விஷயம். உங்கள் நண்பர் 3.5-இல் ஆடினால் எதிர்ப்பக்கம் நிற்கப்போகிறவரும் அப்படி ஒருவராகத்தான் இருப்பார். தயவுசெய்து அவரை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாம் மறுமொழி:

மேலே சகோதரி சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும், சுய மதிப்பீட்டில் வந்து வெல்லும் எல்லோரையும் ஏமாற்றுக்காரர் என்று பார்ப்பதும் அநீதியே. நான் சிறுவயதில் பூப்பந்து ஆடியவன். டென்னிஸ் தெரியாது என்று உண்மையாகவே எழுதி 3.0-வில் சேர்ந்தேன். வலைக்கு அருகில் கை பழகியிருந்ததால் ஒரே பருவத்தில் முன்னேறி, மூன்று முறை வரம்பைத் தாண்டித் தகுதி இழந்தேன். அதுவரை கைகுலுக்கியவர்கள் அதன் பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. உங்கள் அணியைச் சென்ற ஆண்டு வென்றவரைப் பற்றியும் உங்களுக்கு உண்மையில் என்ன தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

தசமப் புள்ளிகளை எல்லோருக்கும் காட்டிவிட்டால் ஏமாற்று குறையும் என்று சிலர் வாதிடுவார்கள். 1 முதல் 16.5 வரை செல்லும் யுடிஆர் என்ற மற்றொரு டென்னிஸ் மதிப்பீடு அப்படித்தான் வெளிப்படையாக இருக்கிறது. கடந்த 12 மாதங்களில் ஆடிய ஆட்டங்களில் அதிகபட்சம் 30-ஐ அது எடுத்துக்கொள்கிறது. ஆனால் எண் கண்ணெதிரே இருந்தால் அதைக் காப்பாற்றுவதே வேலையாகிவிடுகிறது. தம்மை விடக் குறைந்தவருடன் ஆட மறுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மண்டல, தேசியச் சுற்றுகளுக்குப் போயே ஆகவேண்டும் என்ற வேட்கையே மூலகாரணம் என்பது என் கருத்து. அந்த வேட்கையை உங்கள் அணிக்குள் தணிக்க அணித்தலைவரால் மட்டுமே முடியும்.

கேட்டவர், மூன்று வாரங்களுக்குப் பின்:

மூவருக்கும் நன்றி. நண்பர் பல்கலைக்கழக அனுபவத்தை மறைக்காமல் எழுதினார். முதலில் 4.5 என்று வந்தது. முறையீட்டுக்குப் பின் 4.0 ஆனது. பக்கத்து ஊரில் ஓர் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது, முதல் ஆட்டத்தில் 6-7, 4-6 என்று தோற்றார். எங்கள் அணியில் ஒருவர் இன்னும் என்மீது கோபமாகத்தான் இருக்கிறார். சென்ற ஆண்டு எங்களை வென்றவரைப் பற்றி நான் கேள்விப்பட்டது தவிர எதுவும் தெரியாது என்பதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். என் மனைவி 3.0 என்பதால், கூட்டு மதிப்பீடு 7.0-க்குள் அமையும் கலப்பு இரட்டையரில் அவரும் நண்பரும் சேர்ந்து ஆடப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நான் ஓரத்தில் நின்று ஸ்கோர் மட்டும் எழுதப் போகிறேன்.