அம்மாவுக்குக் கடல் காட்டணும், எந்த ரிசார்ட் தோது?

கேள்வி (பாலக்கோடு): எங்கம்மா ஒகேனக்கல்லைத் தாண்டி பெரிய தண்ணி பார்த்ததில்லை. முட்டி வலி, படி ஏற முடியாது. ஒரு ராத்திரியாவது கடலோரமா நல்ல இடத்துல தங்க வைக்கணும். சென்னைப் பக்கத்துக் கோவளம் தாஜா, மாமல்லபுரம் ராடிசனா?

பதில் (கிருஷ்ணகிரி): தம்பி, ரெண்டுமே கடலை ஒட்டித்தான் இருக்கு. தாஜ் இருக்கறது பழைய டச்சுக் கோட்டை இருந்த இடம். ஆனா அம்மாவுக்கு ராடிசன்தான் என் ஓட்டு. அங்கிருந்தே கடற்கரைக் கோயில் தெரியும். புக் பண்றப்பவே "தரைத்தளம், கடல் பார்த்த ரூம், பாத்ரூம்ல கைப்பிடி" மூணையும் எழுதி வாங்கிடுங்க. வளாகம் பெருசு, பேட்டரி வண்டி உண்டான்னும் கேளுங்க. வாடகை 7,500 தாண்டினா 18 சதவீத ஜிஎஸ்டி தனி.

பதில் (காவேரிப்பட்டணம்): வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியா போங்க. அங்க கடல்ல இழுப்பு ஜாஸ்தி, கால் நனைக்கறதோட நிறுத்திக்கணும். கிழக்குக் கரைங்கறதால சூரியன் கடல்லேர்ந்தே எழும்பும், விடியக்காலையில அம்மாவை எழுப்பி விட்டுடுங்க.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றிங்கண்ணா. கைப்பிடி விஷயம் எனக்குத் தோணவே இல்லை, இப்பவே போன் போடறேன்.