மதுரையில் லேப்டாப் வாங்க ஸ்டூடண்ட் டிஸ்கவுண்ட் எப்படி? கடைக்குக் கடை ஒன்று சொல்கிறார்கள்

திருமங்கலம் ஜெராக்ஸ்:
மகள் இந்த வருஷம் சிவில் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறாள். பட்ஜெட் 60,000. இழுத்துப் பிடித்தால் 65,000. டவுன்ஹால் ரோட்டில் கேட்டால், "ஸ்டூடண்ட் ஆஃபரா? அதெல்லாம் ஆன்லைன்ல மட்டும் சார்" என்கிறார். பைபாஸ் ரோட்டு ஷோரூமில், "இருக்கு சார், பேக்கும் மவுசும் தர்றோம்" என்கிறார்கள். பேக்கும் மவுசும்தான் சலுகை என்றால் அதை நானே வாங்கிக்கொள்வேனே!

காலேஜில் இன்னும் ஐடி கார்டு தரவில்லை. ஃபீஸ் கட்டிய ரசீதுதான் கையில் இருக்கிறது. ஒரு கடைக்காரர் பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி மிச்சம் என்று காதோடு சொன்னார். மச்சான் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார், அவர் ஜிஎஸ்டி நம்பரில் பில் போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டில் ஒரு யோசனை. அரசாங்க லேப்டாப் வரும், பொறு என்று அம்மா சொல்கிறார். எது சரி?

மேலூர் மூன்றாம் வருஷம்:
அண்ணே, நானும் சிவில்தான். மேக்புக் பக்கம் போகாதீங்க. படம் வரையும் ஆட்டோகேட் அதில் ஓடும், கட்டிடத்தை 3டி மாடலாகப் போடும் ரெவிட்டுக்கு விண்டோஸ்தான். 16 ஜிபி ரேம் கட்டாயம். சாஃப்ட்வேருக்குக் காசு எடுத்து வைக்க வேண்டாம். இந்த ரெண்டையும் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் தளத்தில் மாணவர் என்று நிரூபித்தால் ஒரு வருஷத்துக்கு இலவசம், படிப்பு முடியும்வரை வருஷா வருஷம் புதுப்பித்துக்கொள்ளலாம். கடைக்காரர் "எல்லாம் போட்டுத் தர்றேன், 1,500 கொடுங்க" என்றால் அது திருட்டு காப்பி. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கவுண்ட்டர் கயல்:
பைபாஸ் ரோட்டில் ஒரு ஷோரூமில் லேப்டாப் கவுண்ட்டரில் சில வருஷம் நின்றவள் நான். இப்போது அந்த வேலையில் இல்லை, அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

ரெண்டு கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. விலையிலேயே கழித்துத் தரும் மாணவர் சலுகை பெரும்பாலும் கம்பெனியின் சொந்தத் தளத்தில்தான். ஹெச்பி, லெனோவோ, டெல், ஆப்பிள் எல்லாருமே அப்படித் தருகிறவர்கள்தான். காலேஜ் மெயில் ஐடி இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் காலேஜ் ஆபீஸில் இங்கே படிக்கிறாள் என்று ஒரு போனஃபைடு சர்டிஃபிகேட் எழுதி வாங்குங்கள். ரசீதோடு அதையும் வைத்தால் பெரும்பாலும் போதும். ஆப்பிள் யூனிடேஸ் என்ற தளம் வழியாகச் சரிபார்க்கும்.

கடையில் வாங்கினால் சலுகை வேறு விதம். ஜூன், ஜூலையில் காலேஜ் திறக்கும் சமயம் கம்பெனிகள் கூடுதல் வாரண்டி, ஹெட்ஃபோன் என்று அறிவிப்பார்கள். வாங்கிய பிறகு பில்லையும் மாணவர் அடையாளத்தையும் ஏற்றி, சொன்ன தேதிக்குள் நீங்களேதான் பதிய வேண்டும். கூட்ட நேரத்தில் கவுண்ட்டரில் நிற்பவர் இதைச் சொல்ல மாட்டார். பெட்டியைக் கொடுத்ததும் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். பில் போடும்போதே கேளுங்கள். பில் மகள் பெயரிலேயே இருக்கட்டும்.

அப்புறம், ஸ்டூடண்ட் விலைதான் ஆகக் குறைந்த விலை என்று நினைத்துவிடாதீர்கள். 2025 மார்ச்சில் வந்த எம்4 மேக்புக் ஏர் 99,900 ரூபாய். மாணவர்களுக்கு 89,900. அதே வருஷம் பண்டிகை சேலில் கார்டு தள்ளுபடியோடு யார் வேண்டுமானாலும் அதைவிடக் குறைவாக வாங்க முடிந்தது. ஆகவே கம்பெனி தளத்தின் மாணவர் விலையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஆடித் தள்ளுபடி சமயத்திலும் மாசக் கடைசியிலும் மேனேஜர்கள் கொஞ்சம் இறங்கி வருவார்கள். "கடைசியா கையில எவ்வளவு?" என்று கேளுங்கள், அந்தத் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். "நோ காஸ்ட் இஎம்ஐ" என்று வட்டியில்லாத் தவணையாகச் சொன்னாலும், வங்கி கணக்குப் போடும் வட்டிக்கான 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான். 60,000 ரூபாயை 15 சதவீத வட்டியில் 9 மாதத் தவணையாகப் போட்டால் அந்த ஜிஎஸ்டியே 600 ரூபாய்க்கு மேல் வரும். பிராசசிங் ஃபீஸ் தனி.

இதைவிட முக்கியம், எதைத் தருகிறார்கள் என்று பார்ப்பது. மூடியில் ஒரே பேர் இருக்கும், உள்ளே சரக்கு வேறாக இருக்கும். டிஸ்ப்ளே காகிதத்தில் திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கு "45% என்டிஎஸ்சி" என்று இருந்தால் நிறம் வெளிறித் தெரியும், "100% எஸ்ஆர்ஜிபி" என்றால் நல்லது. டெமோ பீஸில் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லி, பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் ரேம் செருகும் ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். ஒன்று காலியாக இருந்தால் ரேமைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். போர்டோடு ஒட்டின ரேம் என்றால் 8 ஜிபி வாங்கி ஏமாறாதீர்கள். பெட்டியை உங்கள் முன்னால்தான் பிரிக்க வேண்டும். சீரியல் நம்பரை அங்கேயே கம்பெனி தளத்தில் அடித்து வாரண்டி தேதி பாருங்கள். முன்னாலேயே ஓட ஆரம்பித்திருந்தால் பில்லைக் காட்டித் திருத்தச் சொல்லலாம்.

பில் இல்லாத பேச்சே வேண்டாம். 60,000 ரூபாய் பொருளில் வரி சுமார் 9,150. அதில் கடைக்காரர் உங்களுக்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பார் என்று நினைக்கிறீர்கள்? மதர்போர்டு போனால் பில் இல்லாமல் சர்வீஸ் சென்டரில் நின்று பாருங்கள், அப்போது தெரியும். மச்சான் நம்பரும் வேண்டாம். மகள் படிக்க வாங்கினதைக் கடைக் கணக்கில் காட்டி இன்புட் எடுக்க, அதாவது கட்டிய ஜிஎஸ்டியைக் கடை வரியில் கழித்துக்கொள்ள, சட்டத்தில் இடமில்லை. ஆடிட்டர் கேட்டால் அவருக்குத்தான் தலைவலி. பில்லும் டைல்ஸ் கடை பேரில் போய்விடும், மாணவர் ஆஃபர் பதிய முடியாது.

வங்கி கிளார்க், வாடிப்பட்டி:
மகளுக்குக் கல்விக் கடன் போட்டிருக்கிறீர்களா? இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, படிப்புக்குத் தேவையான கம்ப்யூட்டரையும் நியாயமான விலையில் கடனில் சேர்க்கலாம். எங்கள் கிளையில் இதைக் கேட்டு வருகிறவர்கள் அபூர்வம். விண்ணப்பத்தோடு கடைக்காரர் விலை எழுதித் தரும் கொட்டேஷனையும் வையுங்கள். முதலில் கைக்காசில் வாங்கிவிட்டு அப்புறம் கேட்பதைவிட, முன்னாலேயே மேனேஜரிடம் சொல்லிவிடுவது நல்லது. மொத்தக் கடன் 4 லட்சம் வரை என்றால் நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய மார்ஜின் பணம் கேட்க மாட்டார்கள்.

அம்மா சொல்வது பற்றி: 2025-26 தமிழக பட்ஜெட்டில் 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். மகள் படிப்பது அரசுக் கல்லூரி என்றால் ஆபீஸில் விசாரியுங்கள். தனியார் என்றால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

திருமங்கலம் ஜெராக்ஸ்:
தனியார்தான் சார். கடன் விண்ணப்பம் இன்னும் முழுசாகக் கொடுக்கவில்லை, திங்கட்கிழமை கொட்டேஷனோடு போகிறேன். தங்கச்சி கயல், டாஸ்க் மேனேஜர் விஷயத்தை என் கடை கம்ப்யூட்டரில் இப்போதே திறந்து பார்த்தேன், ரெண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி! இத்தனை வருஷம் தெரியாது. ஒரே ஒரு சந்தேகம்: படம் வரைய 17 இன்ச் வேண்டும் என்று மகள் அடம்பிடிக்கிறாள். வாங்கலாமா?

கவுண்ட்டர் கயல்:
ஹாஸ்டலா, தினமும் பஸ்ஸா அண்ணே? பஸ் என்றால் 15.6 இன்ச்சோடு நிறுத்துங்கள். 17 இன்ச் பெரும்பாலான காலேஜ் பேக்கில் அடங்காது, சார்ஜரோடு சேர்ந்தால் தோள் விட்டுப்போகும். பெரிய திரை வேண்டும் என்றால் ரெண்டாம் வருஷம் ஒரு மானிட்டர் வாங்கி வீட்டில் வையுங்கள். அதற்கு ஹெச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வாங்குங்கள்.