அரசியல் சாசனத்திலேயே இல்லாத கட்சி, அமெரிக்க அதிபர் வேட்பாளரை எப்படி மாற்றுகிறது?

இளவேனில்:
அமெரிக்க அரசியல் சாசனத்தில் கட்சி என்ற பேச்சே கிடையாது. ஆனால் 2024 ஜூலை 21-இல் பைடன் விலகியதும், பிரைமரியை (கட்சி வேட்பாளருக்காக மாநிலந்தோறும் நடக்கும் முதற்கட்டத் தேர்தல்) மறுபடி நடத்தாமலே கமலா ஹாரிஸை வேட்பாளர் ஆக்கினார்கள். எந்த அதிகாரத்தில்? கட்சியே வேண்டாம் என்று சுயேச்சையாக நின்று ஜெயிக்க வழி உண்டா?

கதிரவன்:
பிரைமரியில் நேரடியாக வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில்லை. வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளில் யாருக்கு எத்தனை பேர் என்பதுதான் அங்கே முடிவாகும். பங்கீட்டு விதியை எழுதுவது கட்சி. பைடனின் ஜனநாயகக் கட்சியில் 15% ஓட்டுக்குக் கீழே போனால் பங்கு இல்லை; மேலே வந்தவர்களுக்கு விகிதாசாரம். குடியரசுக் கட்சியில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 2024-இல் கலிஃபோர்னியாவில் பாதிக்கு மேல் வாங்கியவருக்கு 169 பேரும் மொத்தமாகப் போனார்கள்.

பைடன் விலகியதும் அவருடைய பிரதிநிதிகள் யாரையும் ஆதரிக்கலாம் என்றாகிவிட்டது. சிக்கல் தேதியில்தான். சிகாகோ மாநாடு ஆகஸ்ட் 19. ஒஹையோ சட்டப்படி ஆகஸ்ட் 7-க்குள் வேட்பாளர் பெயர் மாநிலத்துக்குப் போயாக வேண்டும். சட்டமன்றம் அவகாசம் கொடுத்தது, ஆனால் அந்தத் திருத்தம் அமலாவது செப்டம்பரில். வழக்கு வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று கட்சி மாநாட்டுக்கு முன்பே பிரதிநிதிகளின் இணையவழி வாக்கெடுப்பை ஆகஸ்ட் 5-இல் முடித்துவிட்டது.

மாறன்:
அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்க மாநிலந்தோறும் வாக்களிக்கும் எலெக்டர்களை விட்டுவிட்டீர்களே, கட்சியின் பிடி அங்கேதான் இறுக்கம். மிஷிகன் மாநிலத்தில் வாக்குச்சீட்டில் இருப்பது வேட்பாளர் பெயர். ஓட்டு விழுவதோ, கட்சி முன்கூட்டியே கொடுத்த 15 பேர் பட்டியலுக்கு. ஜெயித்த பட்டியல் டிசம்பரில் மாநிலத் தலைநகர் லான்சிங்கில் கூடி வாக்களிக்கும். அவர்கள் பெரும்பாலும் கட்சிக்கு நெடுநாள் உழைத்தவர்கள், அதனால் மாற்றிப் போடுவது அபூர்வம். மாற்றிப் போட்டால் மாநிலம் தண்டிக்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சுயேச்சைக்கு இந்த அமைப்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டும், எலெக்டர் பட்டியலும் தானே தயாரிக்க வேண்டும். டெக்சாஸில் அந்த ஆண்டு பிரைமரியில் ஓட்டுப் போட்டவரின் கையெழுத்து செல்லாது. இதையெல்லாம் தாண்டி 1992-இல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ கிட்டத்தட்ட 19% ஓட்டு வாங்கினார். கிடைத்த எலெக்டர் பூஜ்யம். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற இடங்களில் முதலில் வந்தவருக்கே எல்லாம். ஜெயிக்கத் தேவையான 270 எலெக்டர் யாருக்கும் வராவிட்டால் நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை முடிவு செய்யும், மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. அங்கே உட்கார்ந்திருப்பவர்களும் அதே இரண்டு கட்சிக்காரர்கள்தான்.

செல்வி:
மாநாட்டுக்குப் பிறகு இடம் காலியானால் கட்சியின் தேசியக் குழு நிரப்பும். 1972-இல் துணை அதிபர் வேட்பாளர் ஈகிள்டன் விலகியபோது ஷ்ரைவர் வந்தது அப்படித்தான். அதற்கும் நேரமில்லாமல் போனதும் உண்டு. 1912-இல் மறுபடி நின்ற குடியரசுக் கட்சித் துணை அதிபர் ஷெர்மன் தேர்தலுக்குச் சில நாள் முன்பு இறந்தார். வாக்குச்சீட்டை மாற்ற முடியவில்லை. கட்சிக்குக் கிடைத்த 8 எலெக்டர்களும் பட்லர் என்பவருக்கு வாக்களித்தார்கள்.