புதுப்பிப்பு: அசிட்டேட் ஷீட்டில் ஸ்டாம்ப் மை இழுசுவது சரியாகிவிட்டது

வாழ்த்து அட்டைக்கு ஓஎச்பி ஷீட்டில் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள், அதுதான் அசிட்டேட் ஷீட்) மயில் ரப்பர் ஸ்டாம்ப் அடித்தால் மை காயாமல் இழுசுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது ஸ்டேஸான் (StazOn) என்ற ஸ்டாம்ப் மையைப் பயன்படுத்தும் யோசனைதான். சாதாரண மை காகிதத்தில் ஊறித்தான் காயும். பிளாஸ்டிக்கில் ஊற வழியில்லை. ஸ்டேஸான் கரைப்பான் மை, ஆவியாகிச் சட்டென்று காய்ந்துவிடுகிறது. ஸ்டாம்பை மட்டும் ஆட்டாமல் நேராக அழுத்தி எடுங்கள், வழுக்கும்.

நிறத்துக்கு ஆல்கஹால் இங்க். அதை ஷீட்டின் பின்பக்கம் தடவ வேண்டும். ஒரே பக்கம் என்றால் கோடுகளைக் கரைத்துவிடும். பின்னால் சமையலறை அலுமினிய ஃபாயில், கசக்கி விரித்தது. தோகையில் பச்சையும் நீலமும் அட்டையைச் சாய்க்கச் சாய்க்க மின்னுகின்றன.

எதிர்பாராதது: ஷீட்டையும் ஃபாயிலையும் ஒட்டத் தடவிய ஃபெவிகால் உள்ளே காயவே இல்லை, வெள்ளையாகவே நின்றது. இரண்டு பக்கமும் காற்றுப் புகாதே! ஓரத்தில் டபுள் சைடு டேப் ஒட்டி, மேலே அட்டைச் சட்டம் வைத்து மறைத்தேன். காயவைக்க ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி) வேண்டாம், ஷீட் நெளிந்துவிடும்.