பழைய எம்.பி.யின் அவைக்குறிப்பைத் தோண்டிய அனுபவம் உண்டா?

கும்பகோணத்துப் பேரன்:
இரா. செழியனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1967, 1971 இரண்டு தடவையும் எங்கள் ஊர் எம்.பி. போன வாரம் நாடாளுமன்ற மின்நூலகத்தில் அவர் பெயரைத் தட்டினேன். அரசின் செலவுக் கணக்கைச் சோதிக்கும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்கு அவர் தலைவராக இருந்தபோது வந்த அறிக்கைகள் வரிசையாக வந்தன. மங்கலான ஸ்கேன். முன்னுரையின் கடைசியில் அவர் பெயர். அதற்குமேல் படிக்க முடியவில்லை. நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கையை ஆட்சியாளர்கள் அமுக்கிவிட்டார்கள். அதை 2010-இல் அவர் புத்தகமாகக் கொண்டுவந்தபோது, தாத்தா வாங்கிவரச் சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். தாத்தா போய்விட்டார்.

அரியலூர் மாமா:
அதென்ன 'எங்கள் ஊர் எம்.பி.'? 1962-இல் பெரம்பலூர்தான் அவரை முதலில் அனுப்பியது!
சரி, என் கதை. ஒரு முன்னாள் எம்.பி.யை 'சபைக்கே போகாதவர்' என்று முகநூலில் கிழித்திருந்தேன். வருகைக் கட்டம் காலியாக இருந்தது, அதுதான் ஆதாரம். பிறகு ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் அவரே. "தம்பி, மந்திரியா இருந்தா அந்த ரிஜிஸ்டர்ல கையெழுத்தே கிடையாது" என்றார், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. பாயசத்துக்கு நான் உட்காரவில்லை.

ரிட்டயர்டு கிளார்க்:
எங்கள் ரயில்வே கேட் பற்றி ஒரு எம்.பி. கேட்டார். பதில்: பரிசீலனையில் உள்ளது. அவ்வளவுதான்.
ஆனால் இளைஞர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். '500 கேள்வி கேட்டார்' என்றால் மயங்காதீர்கள். மக்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திரக் கேள்வி 20, நட்சத்திரமில்லாதது 230. எல்லாம் குலுக்கலில் வருவது. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டால் சேர்த்துவிடுவார்கள், அத்தனை பேர் கணக்கிலும் ஏறும். இந்த இரண்டில் நட்சத்திரக் கேள்விக்கு மட்டும்தான் அவையில் வாய்மொழிப் பதில், பதிலைக் கேட்டு மடக்கும் துணைக் கேள்வியும் அதற்குத்தான். ஆகவே எண்ணிக்கையை விடுங்கள், துணைக் கேள்வியைப் படியுங்கள். அப்புறம் தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலை நாலு விதமாக மாற்றிப் பாருங்கள். குழு அறிக்கைகளைத் தனியாகத் தேட வேண்டும். தம்பி செழியன் அறிக்கையை முன்னுரையோடு மூடியது தவறு.

கும்பகோணத்துப் பேரன்:
ஐயா, எப்படித் தேடுவது என்று நான் கேட்கவே இல்லையே. தாத்தா கேட்ட அந்த ஷா கமிஷன் புத்தகத்தின் பழைய பிரதி யாரிடமாவது இருக்கிறதா?